14ஆம் நாள் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை

குழந்தைக்காக டாக்டரிடம் போவதற்கு முன்பே நமக்கெல்லாம் மனப்பாடமாகிவிடும் ஓர் எண் உண்டு: 14. பீரியட்ஸ் வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும், அன்றைக்குச் சேர்ந்திருந்தால் போதும் என்று தோழி சொல்வாள், செயலி சொல்லும், யாரோ ஒரு அக்காவும் சொல்வார். எனக்கு பி.சி.ஓ.எஸ்., முட்டை ஒழுங்காக வெளியாகாத ஹார்மோன் கோளாறு. ஒரு மாதம் ஐந்து வாரத்தில் வரும், அடுத்த மாதம் ஆறு வாரம் ஆனாலும் வராது. இப்படிப்பட்ட உடம்புக்கு 14ஆம் நாள் என்பது காலண்டரில் இன்னொரு தேதி, அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த பீரியட்ஸ் வரையிலான காலம் பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 14 நாள். அது அவ்வளவாக மாறாது. இழுப்பதும் சுருங்குவதும் முன்பாதிதான். அதனால் 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளை ஒட்டித்தான் வெளியாகும். அவர் 14ஆம் நாளைக் குறிவைத்தால் ஒரு வாரம் முந்திவிடுவார். சரி, 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறவர்களுக்காவது இது பொருந்துமா என்றால், அங்கும் உறுதி இல்லை. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் முழுவதும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் அடங்கிய பெண்கள் ஏறத்தாழ 30 சதவீதம்தான்.

இதே 28 நாள் கணக்கு ரத்தப் பரிசோதனையிலும் புகுந்துவிடுகிறது. முதலில் நாங்கள் பார்த்த இடத்தில் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் எடுக்கச் சொன்னார்கள். முட்டை வெளியான பிறகு ரத்தத்தில் உயரும் ஹார்மோன் அது. குறைவாக வந்தது. "முட்டையே வெளியாகவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் சுழற்சி எத்தனை நாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தப் பரிசோதனையை அடுத்த பீரியட்ஸுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு எடுக்க வேண்டும். 28 நாள் சுழற்சிக்கு அது 21ஆம் நாள், 35 நாள் சுழற்சிக்கு 28ஆம் நாள். பிறகு பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே என் சுழற்சியின் நீளம்தான். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நாள் மாற்றி எடுத்தபோது 3 நானோகிராமைத் தாண்டியிருந்தது. முட்டை வெளியாகியிருக்கிறது என்பதற்கு அது போதும். எல்லா மாதமும் வெளியாகவில்லை, வெளியாகும் மாதத்தில் தாமதமாக வெளியாகிறது என்பதுதான் என் பிரச்சினை.

அடுத்து, எந்த நாள் பலன் தரும் என்பது. வெளியான முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு அப்படியல்ல. கருப்பை வாயில் சுரக்கும் நீர் சாதகமாக இருந்தால் ஐந்து நாள்வரைகூட உயிரோடு இருக்கும். 1995இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வு இன்றும் எல்லோரும் எடுத்துக் காட்டுவது. முட்டை வெளியான நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாள்தான் வாய்ப்புள்ள நாட்கள் என்று அதில் தெரிந்தது. ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் வாய்ப்பு 10 சதவீதம், முட்டை வெளியாகும் நாளில் 33 சதவீதம். அடுத்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: முட்டை வெடித்ததை உறுதி செய்துகொண்டு ஓடுவதில் பலன் இல்லை. விந்தணு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் பெண்கள் பதறுவதெல்லாம் அந்த ஒரே நாளைத் தவறவிட்டுவிடுவோமோ என்றுதான். தவறவிடக்கூடாதது அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள்.

அந்த நாட்களைக் கண்டுபிடிக்க வழிகள் பல. காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்ப்பது ஒன்று. முட்டை வெளியான பிறகுதான் வெப்பம் ஏறும் என்பதால் அந்த மாதத்துக்கு அது உதவாது. தினமும் தெர்மாமீட்டரோடு விழிப்பது மனதுக்கும் நல்லதல்ல. நான் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் அதைவிடப் பயனுள்ளது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்.ஐத் திடீரென்று அதிகமாக வெளிவிடும். ஸ்ட்ரிப்பில் அது தெரிந்ததிலிருந்து பொதுவாக 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளியாகும். பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் மங்கலாக இரண்டாவது கோடு தெரிந்தாலே பாசிட்டிவ். எல்.ஹெச். ஸ்ட்ரிப்பில் அப்படி இல்லை. ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். ஜன்னல் ஓரமாகப் பிடித்து, சாய்த்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து, நேற்றைய ஸ்ட்ரிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு... பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இந்தக் கூத்து வாரக்கணக்கில் நடக்கும், ஏனென்றால் நமக்கு எல்.ஹெச். சாதாரண நாட்களிலேயே உயர்ந்திருக்கலாம். ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டும், முட்டை வராது. முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரை முடித்த உடனேயும் பொய்யான பாசிட்டிவ் வரும், மூன்று நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். முட்டையை வெளியேற்றப் போடும் எச்.சி.ஜி. ஊசிக்குப் பிறகு எல்.ஹெச். ஸ்ட்ரிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பார்க்கிறவர்கள் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள்.

காசில்லாத வழி, வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. முட்டை வெளியாகும் நாள் நெருங்க நெருங்க அது தெளிவாகவும் வழுவழுப்பாகவும் மாறி, இரண்டு விரல்களுக்கு நடுவே அறுபடாமல் இழுபடும். இது தொடங்கும்போதே வாய்ப்புள்ள நாட்களும் தொடங்கிவிட்டன என்று பொருள். ஸ்ட்ரிப்பைவிட முன்கூட்டியே சொல்லும் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் குளோமிஃபீன் சிலருக்கு இந்த நீரை வறளச் செய்துவிடும். அந்த மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

சிகிச்சை என்று தொடங்கிவிட்டால் இதெல்லாம் பின்னுக்குப் போய் ஸ்கேன் முன்னால் வந்துவிடும். முட்டை வளர எனக்கு லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு அது முதல் தேர்வானதற்குக் காரணம் உண்டு. 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 750 பெண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பொதுவாக 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாள் வரை மாத்திரை. அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து இருக்கைக்காரரின் டோஸைக் கேட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபாலிகுலர் ஸ்டடி என்று ஒரு தாள் கொடுப்பார்கள். கட்டம் போட்ட தாள்: தேதி, எத்தனையாவது நாள், வலது சினைப்பை, இடது சினைப்பை, ஈ.டி., கடைசியில் பி.ஓ.டி. (கருப்பைக்குப் பின்னால் இருக்கும் குழிவு). ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு வரி கையால் எழுதப்படும். முதல் வரியில், சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகள் பல என்று இருக்கும். பிறகு ஒரு பை மட்டும் முந்திக்கொண்டு வளரும். 12 x 11, அப்புறம் 15 x 14 என்று அதன் அளவு கீழே கீழே இறங்கிவரும். அது நாளுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வளரும் என்று தெரிந்துகொண்டால் அடுத்த ஸ்கேன் எப்போது என்று நீங்களே ஊகிக்கலாம். 14 இருக்கிறதென்றால் இரண்டு நாள் கழித்து 18ஐ ஒட்டி இருக்கும், இடையில் ஒரு நாள் அலைய வேண்டியதில்லை. அந்த அளவு முட்டை இருக்கும் பையினுடையது. முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். "எனக்கு 22 வந்தது, அவளுக்கு 18தான்" என்று பெருமைப்படவோ கவலைப்படவோ அதில் ஒன்றுமில்லை. ஈ.டி. என்பது கருப்பையின் உட்படலத் தடிமன். 7 மில்லிமீட்டருக்கு மேல், மூன்று கோடாகத் தெரிந்தால் டாக்டர்கள் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். முட்டை வெடித்த பிறகு பை சுருங்கி, பி.ஓ.டி. கட்டத்தில் நீர் இருப்பதாக எழுதுவார்கள்.

பை 18, 20ஐத் தொட்டதும் எச்.சி.ஜி. ஊசி. போட்டதிலிருந்து 36 மணி நேரத்தை ஒட்டி முட்டை வெளியாகும். திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 10 மணி. உறவு என்றால் ஊசி போட்ட இரவும் அடுத்த இரவும் போதும். ஐ.யூ.ஐ. (விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது) என்றால் ஊசியிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் செய்வார்கள். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப்.பில் 34 முதல் 36 மணிக்குள், முட்டை வெடிப்பதற்குச் சற்று முன் அதை வெளியே எடுத்தாக வேண்டும். அங்கே ஊசி நேரம் அரை மணி தவறினாலும் உடனே போன் செய்து சொல்லிவிட வேண்டும். 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கு இப்படி ஊசி எதுவும் இல்லை. தாயின் சிறுநீரில் எல்.ஹெச். ஏறுவதைத் திரும்பத் திரும்பச் சோதித்து, இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஸ்ட்ரிப்போடு நிற்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

முட்டை வளரும் நாட்களில் தலைவலிக்கோ மூட்டு வலிக்கோ இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். சிலருக்குப் பை வெடிக்காமல் போவதற்கு அவை காரணமாகலாம். எதைப் போடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். சேர வேண்டிய டேட்டை டாக்டர் கொடுத்துவிட்டார் என்றதும் வீட்டில் ஓர் இறுக்கம் வந்துவிடும். "இன்னைக்கும் டேட்டா?" என்று கணவர் கேட்பார். கேலியாகத்தான் கேட்பார், ஆனால் முகத்தில் களைப்பு தெரியும். சில இரவுகளில் முடியாமலே போய்விடும். அவருக்கு வெட்கம், எனக்குக் கோபம், அப்புறம் கோபப்பட்டோமே என்று வருத்தம். கட்டளைக்கு உடம்பு எப்போதும் இணங்காது, அது நோயும் அல்ல. நாங்கள் பிறகு டேட்டைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். ஸ்கேனில் பை வளரத் தொடங்கியதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டோம், அதுவும் வாய்க்கும்போது. எந்த நாள் ஊசி என்று அவருக்குத் தெரியும், அதற்கு மேல் மணிக்கணக்கை நான் சொல்லவில்லை. தினமும் சேர்ந்தாலும் ஒரு நாள் விட்டுச் சேர்ந்தாலும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. 'சேமித்து வைக்கிறேன்' என்று ஒரு வாரம் விலகி இருப்பதுதான் தவறு. நாட்பட்டால் எண்ணிக்கை கூடலாம், ஓட்டம் குறையும். ஐ.யூ.ஐ.க்குக்கூட 2 முதல் 5 நாள் இடைவெளிதான் கேட்பார்கள். கடையில் விற்கும் லூப்ரிகன்ட் பல, விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும். உறவுக்குப் பின் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நேரக் கணக்கில் இறங்குவதற்கு முன் இரண்டு பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். ஒன்று கணவரின் விந்துப் பரிசோதனை, இன்னொன்று கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி. குழாய் இரண்டும் அடைத்திருந்தால் எத்தனை துல்லியமாக நாள் பார்த்தும் பயனில்லை. பெண்ணை மாதக்கணக்கில் ஸ்கேனுக்கு அலையவிட்டு, கடைசியில் ஆணைப் பரிசோதிக்கும் வழக்கம் எனக்கு எரிச்சல் மூட்டுவது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். புகையை விட்டாலும் மருந்து எடுத்தாலும் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும், அதனால்தான் அதை முதலில் பார்க்க வேண்டும்.

வாய்ப்பு என்ன என்று எல்லோரும் கேட்பது நியாயம்தான். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் 20 முதல் 25 சதவீதம்தான். ஐ.யூ.ஐ.யில் பொதுவாகச் சொல்லப்படுவது சுழற்சிக்கு 10 முதல் 20 சதவீதம், வயதையும் காரணத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். எல்லாம் சரியாக அமைந்த மாதத்திலும் கிடைக்காமல் போவதற்கே சாத்தியம் அதிகம். இது எனக்கு ஆறுதலாக இருந்தது, கேட்க விசித்திரமாகத் தோன்றலாம். ஒரு சுழற்சிக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று சுழற்சி சேர்ந்து ஏறத்தாழ 39 சதவீதம். ஒரு மாதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பார்க்கப் பழகினேன்.

எனக்குக் கரு நின்றது ஐ.யூ.ஐ. செய்த ஒரு மாதத்தில். அன்று காலை ஸ்கேனில் பை வெடிக்காமல் அப்படியே இருந்தது. இந்த மாதமும் போச்சு என்றுதான் நினைத்தேன். "பரவாயில்லைம்மா, வெடிக்கும்போது அங்கே ஆள் இருக்கும்" என்றார் டாக்டர். அதற்கு முன், தாளில் ஒவ்வொரு வரியும் அச்சில் வார்த்த மாதிரி இருந்த மாதங்களில் ஒன்றும் நடக்கவில்லை.

இடையில் ஒரு மாதம் பைகள் பல ஒரே நேரத்தில் பெரிதாகிவிட்டன. வாய்ப்பு கூடும் என்று நான் மகிழ, டாக்டர் அந்தச் சுழற்சியையே ரத்து செய்தார், சேர்ந்திருக்கவும் வேண்டாம் என்றார். மூன்று, நான்கு கரு தரித்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைகளுக்கும் ஆபத்து. பைகள் நிறைய வளர்ந்த மாதத்தில் வயிறு வேகமாக உப்பினாலோ, கடும் வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

கரு நின்றதா என்று தெரியக் காத்திருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரே அறிவுரைதான்: உடம்பைப் படிக்க முயலாதீர்கள். மார்பக வலி, சோர்வு, வயிற்று உப்புசம் எல்லாம் புரோஜெஸ்டிரோன் மாத்திரையாலும் வரும். அந்த மாத்திரையால் பீரியட்ஸும் தள்ளிப் போகும். எச்.சி.ஜி. ஊசி ரத்தத்தில் 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்கும் என்பதால், சீக்கிரம் அட்டையில் பார்த்தால் ஊசியே இரண்டு கோடு காட்டிவிடும். சொன்ன தேதியில் பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள். பாசிட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முதல் எண் பெரிதா சிறிதா என்பதைவிட அந்த ஏற்றம்தான் முக்கியம்.

சிகிச்சை தொடங்கும் முன்பே சிலவற்றைக் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை ஞாயிற்றுக்கிழமை வெடிக்கும்போல் இருந்தால் ஸ்கேனும் ஐ.யூ.ஐ.யும் உண்டா. இரவு ஊசியை யார் போடுவது, மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமா. விந்து மாதிரியை வீட்டிலிருந்து கொண்டுவரலாமா. பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே வைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். அன்றைக்கு முடியாமல் போய்விடுமோ என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே ஒரு மாதிரியை உறைய வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், எங்களுக்கு அது இருந்ததாலேயே அவருடைய பதற்றம் பாதி குறைந்தது. எத்தனை சுழற்சிக்குப் பிறகு திட்டத்தை மாற்றுவீர்கள் என்பதையும் விடாதீர்கள். ஐ.யூ.ஐ. பலன் தருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கிலேயே தந்துவிடும். 35 வயதைத் தாண்டியவர்கள் அவ்வளவுகூடக் காத்திருக்காமல் அடுத்த கட்டத்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடலாம்.